வெக்கையில் மூச்சு முட்டும் ஹோம் தியேட்டர்

ஹாலில் டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் யார் கண்ணிலும் படுவதில்லை. காதில்தான் படும். சண்டைக் காட்சி ஓடும்போது தெரியாது. அம்மாவும் மகனும் வசனமே இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் எழும்பி வரும். ஒருமுறை கேட்டுவிட்டால் போச்சு, அப்புறம் காது படத்தில் நிற்காது, முனகலிலேயே நிற்கும்.

தேனி பக்கம் இது இன்னும் கொஞ்சம் உறுத்தும். பாரதிராஜா பிறந்த அல்லிநகரம் இந்த மாவட்டம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் இந்த மாவட்டம். புல்லாங்குழல் ஓய்ந்து வயலின் தொடங்குவதற்குள் வரும் அரை நொடி மௌனத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் பாட்டுக் கேட்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைக்கு ரெண்டு பேர் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முனகினால் என்ன செய்வார்கள்? ஃபேனைக் கழற்றுவார்கள். அல்லது கம்ப்யூட்டரையே கதவு போட்ட ஷோகேஸுக்குள் தள்ளி மூடுவார்கள். சத்தம் நின்றுவிடும். கூடவே காற்றும் நின்றுவிடும்.

சின்னமனூர் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகன் கோவையில் வேலை. போன பொங்கலுக்கு வந்தவன், தன் பழைய கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே சில நூறு படங்கள். அவற்றோடு, வீடியோ கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம். அவர் நடப்பதும் சிரிப்பதும் பந்தியில் நின்று பரிமாறுவதும் அந்த ஒரு ஃபைலில்தான். தை, மாசி எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. சித்திரை பிறந்தது. படம் ஓடி முக்கால் மணி நேரத்தில் திரை உறைந்து நிற்கிறது, அல்லது பட்டென்று அணைகிறது.

“ஏப்பா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே டக்குனு அணைஞ்சிருது. வைரஸா இருக்குமோ?”

“வைரஸெல்லாம் இல்ல பெரியம்மா, வெக்கை. இந்தா, இதுல கைய வச்சுப் பாருங்க... பாத்து, பாத்து!”

சர்வீஸுக்கு வந்த பையன் கை வைக்கச் சொன்ன இடம் புராசஸர் அல்ல. அதற்கு நாலு விரற்கடை தள்ளி, மதர்போர்டின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க். அதன் மேல் ஃபேன் கிடையாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் கிடையாது. கோளாறு அங்கேதான்.

கம்ப்யூட்டரில் சூடாகிற பொருள் புராசஸர் ஒன்றுதான் என்பது பொதுவான நினைப்பு. 2008-ல் இன்டெல் வெளியிட்ட D945GCLF என்ற சின்ன மதர்போர்டு அந்த நினைப்பைத் தலைகீழாக்கியது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உகந்தது, மின்சாரம் குறைவாகத் தின்னும் ஆட்டம் புராசஸர் என்று சொல்லி வந்தது. புராசஸரின் வெப்பக் கணக்கு வெறும் 4 வாட். ஆனால் அதன் பக்கத்தில், படத்தைத் திரைக்கு அனுப்பும் வேலையையும் மெமரியோடு பேசும் வேலையையும் செய்த 945GC சிப்செட்டின் கணக்கு சுமார் 22 வாட். விளைவு வேடிக்கையானது. அந்த போர்டில் புராசஸருக்கு ஃபேன் இல்லாத சிறு ஹீட்சிங்க், சிப்செட்டுக்குத்தான் ஃபேன்! அதுவும் ஒன்றரை அங்குல அகலத்தில், கொசு மாதிரிக் கத்துகிற ஃபேன். மகாராஜா சாதாரணமாக நடந்து வர, மந்திரிக்குப் பல்லக்கு.

பிறகு நிலைமை மாறியது. 2010, 2011 வாக்கில் இன்டெல் அந்த வேலைகளை எல்லாம் புராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. மீந்து நின்ற சிப்செட்டின் சூடு ஐந்தாறு வாட்டுக்கு இறங்கியது. அப்பாடா என்றிருந்தால், 2019-ல் ஏ.எம்.டி.யின் X570 சிப்செட் போர்டுகள் வந்தபோது அவற்றில் பலவற்றுக்குச் சின்ன ஃபேன் மறுபடியும் முளைத்தது. ஆக, பழைய போர்டானாலும் புதிய போர்டானாலும் சிப்செட்டைக் கவனிக்காமல் தப்பிக்க முடியாது.

சிப்செட்டோடு கணக்கு முடியவில்லை. புராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மின்சப்ளைப் பகுதி ஒன்று உண்டு. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை, புராசஸருக்குத் தேவையான ஒரு வோல்ட் சுமாருக்கு இறக்கித் தரும் இடம் அது. அதுவும் நன்றாகவே சுடும். கடையில் வாங்கும்போது புராசஸரோடு வரும் சாதாரண கூலர் இருக்கிறதே, அது காற்றைக் கீழ்நோக்கி ஊதும். புராசஸரில் பட்டுத் தெறிக்கும் அந்தக் காற்று நாலா பக்கமும் விரிந்து, மின்சப்ளைப் பகுதியையும் சிப்செட்டையும் தடவிக்கொண்டு போகும். யாரும் திட்டமிட்டுக் கொடுக்காத தானம் மாதிரி. சத்தம் பிடிக்காதவர்கள் அந்த கூலரை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஊதும் உயரமான கூலரையோ ஃபேனே இல்லாத பெரிய ஹீட்சிங்கையோ மாட்டுகிறார்கள். புராசஸரின் சூடு முன்பைவிடக் குறைகிறது. சாஃப்ட்வேரில் பார்த்தால் எண்கள் அழகாகத் தெரிகின்றன. கீழே போர்டு வெந்துகொண்டிருக்கிறது. பல பழைய போர்டுகளில் சிப்செட் ஹீட்சிங்கின் சூட்டை அந்த சாஃப்ட்வேர் காட்டுவதே இல்லை. அமைதியான கம்ப்யூட்டர் என்று பெருமைப்படுகிற வீடுகளில் நடக்கிற விபத்து இதுதான்.

ஹீட்சிங்க் என்றால் என்ன என்று விளக்க இந்த மாவட்டத்தில் ஆசிரியர் தேவையில்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பார்த்தால் போதும். அதன் இரு பக்கமும் பட்டை பட்டையாக இறங்குகிறதே, அதுதான். உள்ளே எண்ணெய் சுட்டு மேலே ஏறி, அந்தப் பட்டைகளின் வழியே இறங்கும்போது சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. புல்லட் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளும் அதே இனம். சூட்டை வெளியே தள்ளக் காற்றோடு உரசும் பரப்பு வேண்டும். பரப்பைப் பெருக்கத்தான் இத்தனை மடிப்பு.

ஆனால் புல்லட்டின் தகட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பட்டைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சூடான காற்று தானாக மேலே ஏற வேண்டும். அதனால் பட்டைகள் செங்குத்தாக, நடுவில் தாராளமாக இடம் விட்டு நிற்கின்றன. புல்லட் ஓடுகிறது, எதிர்க்காற்று அடிக்கிறது. அதனால் தகடுகள் நெருக்கமாக இருந்தாலும் சமாளிக்கும். இதே விதி மதர்போர்டுக்கும் பொருந்தும். ஃபேன் வைத்து ஊதுவதற்காகச் செய்த ஹீட்சிங்கின் தகடுகள் மிக நெருக்கமாக இருக்கும். அதன் ஃபேனைக் கழற்றிவிட்டு, ‘இனி தானே ஆறிக்கொள்ளும்’ என்று விட்டால் ஆறாது. தகடுகளுக்கு நடுவே காற்று நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபேன் இல்லாமல் ஓட வேண்டிய ஹீட்சிங்குக்குத் தகடுகளுக்கு நடுவே அரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். கேபினெட்டை நிற்க வைத்தால் தகடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி இருப்பதும் முக்கியம். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு தகடும் அடுத்ததற்குக் கதவாகிவிடும்.

இனி கணக்குக்கு வரலாம். சித்திரை மாத ராத்திரி பத்து மணி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, ஹாலை 34 டிகிரியில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். கதவு மூடிய ஷோகேஸுக்குள் அது 44. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 52. சிப்செட் தன் சொந்தச் சூட்டால் இன்னொரு 35 டிகிரி ஏற்றிக்கொண்டால் 87. இதே கம்ப்யூட்டர், இதே ஷோகேஸ், மேகமலை எஸ்டேட்டில் 18 டிகிரி ராத்திரியில் ஓடினால் 71-ல் நின்றுவிடும். அறையின் ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சிப்பின் தலையில் ஏறும் என்பதுதான் விஷயம். பொங்கலுக்கு ஓடியது சித்திரையில் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை இந்தக் கூட்டலில் இருக்கிறது. இதில் ஷோகேஸ் கதவு மட்டும் தனியாகப் பத்து டிகிரியைச் சேர்க்கிறது.

சூட்டில் முதலில் சாவது சிப் அல்ல. போர்டில் சின்ன டப்பா டப்பாவாக நிற்கும் கெபாசிட்டர்கள்தான். அவற்றுக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்ல உலர்கிறது. நல்ல கெபாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்ற தரத்தில் பல வருகின்றன. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. அதன்படி 85 டிகிரியில் 8,000 மணி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் நாலரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே கெபாசிட்டரை 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி; பதினேழு வருஷம். தலை உப்பி, மேலே பழுப்பாகக் கசிந்திருக்கும் கெபாசிட்டரைப் பார்த்தால் அந்த போர்டு எந்த நாளும் நிற்கலாம் என்று அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? செலவில்லாத வைத்தியம் முதலில்.

ஷோகேஸின் கதவைத் திறந்து வைப்பது. சிரிப்பாக இருக்கும்; ஆனால் பாதி வீடுகளில் கோளாறு இதோடு போய்விடும். கதவு வேண்டும் என்று அடம்பிடித்தால் ஆசாரியைக் கூப்பிட்டு, பின்பக்கப் பிளைவுட்டில் மேல் ஓரமாக ஒரு வட்டத் துளையும், முன்பக்கம் கீழே ஒரு நீளச் சந்தும் போடச் சொல்லலாம். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடான காற்று மேலே வெளியேறும். துளை ஐந்து அங்குல விட்டம் இருக்கட்டும். வலை அடிக்க மறக்கக் கூடாது. வலை எதற்கு என்று கேட்பவர்கள் வீட்டில் பல்லி இல்லை போலிருக்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி யூனிட்டை நிறுத்தாமல் சுவரோடு ஒட்டிவைத்தால் இவ்வளவு வேலையும் வீண்.

இரண்டாவது, தூசி. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கம்பம் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்று தேனி, ஆண்டிபட்டி பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வேகமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றோடு செம்மண் தூசி வீட்டுக்குள் வந்து உட்காரும். அதற்கு முன்னால், கோடையில் போடி, வருசநாடு பக்கம் இலவங்காய் வெடிக்கும் காலம். மண் தூசியைத் தட்டினால் போகும். இலவம்பஞ்சு போகாது. ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே புகுந்து, மேலே படிந்த தூசியோடு சேர்ந்து மெத்தை மாதிரி ஆகிவிடும். தலையணைக்குள் பஞ்சு திணிப்பது சூடு வெளியே போகாமல் இருக்கத்தானே உதவும்? ஹீட்சிங்குக்கும் அது தலையணைதான்.

சுத்தம் செய்யும் முறைக்குச் சில விதிகள். பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். பெயின்ட் அடிக்கும் புதிய மெல்லிய பிரஷ் போதும். புளோயர் வைத்து ஊதுவதானால் ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு முறை: பஞ்சுக்காலம் முடிந்ததும் ஒன்று, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒன்று.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். இங்கே அவசரம் கூடாது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பசை இருக்கும், அதற்கு தெர்மல் பேஸ்ட் என்று பெயர். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. நல்ல பேஸ்ட் அதைவிட 200 மடங்கு வேகமாகக் கடத்தும். அலுமினியம் அந்த பேஸ்ட்டைவிட 40 மடங்கு. அதனால் பேஸ்ட்டின் வேலை பள்ளத்தை நிரப்புவது மட்டுமே. கொழுக்கட்டை மாவு மாதிரி அப்பினால் அதுவே தடையாகிவிடும். சிப்செட்டுக்கு ஓர் அரிசி அளவு போதும். ஐந்தாறு வருஷத்தில் அது சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்துவிடுகிறது. தொழிற்சாலையிலேயே வைத்த ரப்பர் மாதிரியான பட்டை என்றால் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது.

கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கினால் பசை இளகியிருக்கும். பின்பக்கம் கொக்கிகளை அழுத்தி விடுவித்து, ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருக வேண்டும். ஸ்க்ரூடிரைவரைச் சொருகி நெம்பினால் சிப்பின் மூலை உடையும். உடைந்தால் போர்டு குப்பைக்குத்தான். பழைய பேஸ்ட்டை மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். பேஸ்ட் கிடைக்கவில்லை என்று பற்பசையைத் தடவும் கெட்டிக்காரர்கள் உண்டு. அது ஒரு வாரம் வேலை செய்யும், அப்புறம் காய்ந்து தூளாகும். மின்சப்ளைப் பகுதியின் ஹீட்சிங்குக்குக் கீழே தடியான பட்டை இருந்தால் அங்கே பேஸ்ட் தடவக் கூடாது. அங்கே உள்ள இடைவெளி பேஸ்ட்டால் நிரம்பாது. அதே தடிமனில் புதிய பட்டைதான் வைக்க வேண்டும்.

அடுத்து ஃபேன். சத்தத்துக்கு பயந்து ஃபேனே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்தான் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகிறது. ஆனால் சத்தம் பாதியாவதில்லை, அதைவிட அதிகமாக விழுகிறது. சுமார் 15 டெசிபெல். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஆகவே வேகமாகச் சுற்றும் சின்ன ஃபேனைவிட மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் எப்போதும் மேல். வீட்டில் ஏற்கெனவே உள்ள உதாரணம்: மேசை ஃபேன் மூன்றில் ஓடும்போது படம் கேட்காது, சீலிங் ஃபேன் ஒன்றில் ஓடுவது தெரியவே தெரியாது.

எவ்வளவு காற்று தேவை என்பதையும் சொல்லிவிடலாம். படம் ஓடும்போது அந்தப் பெட்டி 60 வாட் சூட்டை வெளியிடுகிறது என்றால், உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 5 டிகிரிக்கு மேல் சுடாமல் இருக்க நொடிக்குப் பத்து லிட்டர் காற்று போதும். ஐந்தங்குல ஃபேன், அதாவது கடையில் 120 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குவது, பாதி வேகத்தில் சுற்றினாலே கிட்டத்தட்ட இந்த வேலையை முடித்துவிடும். பத்து டிகிரி பரவாயில்லை என்றால் ஐந்து லிட்டரே போதும். கொசு மாதிரிக் கத்தும் குட்டி ஃபேன் தேவையே இல்லை.

அந்தப் பெரிய ஃபேனை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கேபினெட்டின் பின்னால் மாட்டிக் காற்றை வெளியே இழுக்கலாம். பெட்டிக்குள் பொதுவான சூடு குறையும், ஆனால் சிப்செட்டைக் காற்று தொடாமலே போகலாம். முன்பக்கமோ பக்கவாட்டிலோ மாட்டி, சிப்செட் ஹீட்சிங்கை நோக்கி உள்ளே ஊதவிடுவது தேனிக்குப் பொருத்தம். நுழையும் வழி ஒன்றுதான் என்பதால் அந்த வாயில் மட்டும் மெல்லிய வலை கட்டினால் போதும், பஞ்சும் தூசியும் அங்கேயே நிற்கும். உள்ளே காற்று கொஞ்சம் மிகுதியாக இருப்பதால் மற்ற சந்துகளில் தூசி உள்ளே வராமல் காற்று வெளியேதான் போகும். கொசுவலைத் துணி நல்ல வலைதான்; மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் அதுவே மூடி.

ஃபேனைக் கேபினெட் தகட்டில் இறுக்கி முடுக்கினால் அதன் அதிர்வு முழுப் பெட்டியிலும் பரவி ‘ங்ங்’ என்று மறுபடியும் பாட ஆரம்பிக்கும். இதற்கு விலையுயர்ந்த ரப்பர் ஊசிகள் விற்கிறார்கள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதைச் சின்ன வளையமாக நறுக்கி, ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, பிளாஸ்டிக் டையால் கட்டிவிடலாம். வயர் எதுவும் இறக்கையில் படாமல் ஒதுக்கிக் கட்டுவது முக்கியம். சூட்டில் டியூப் விறைத்துவிடும் என்பதால் தூசி தட்டும் நாளில் அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேகத்தைக் குறைக்க, மதர்போர்டிலேயே ஃபேன் மாட்டும் இடம் இருந்து, பயாஸில் கட்டுப்பாடும் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாத பழைய போர்டு என்றால் பவர் சப்ளையின் நாலு முனை கனெக்டரில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூஜ்யம். ஃபேனைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இணைத்தால் மெதுவாகச் சுற்றும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே இணைத்து 7 வோல்ட் எடுக்கும் தந்திரம் ஒன்று ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது வேலை செய்யும். ஆனால் ஃபேன் எங்காவது ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் பாதைக்குள் பாயும். அப்போது போவது ஃபேன் மட்டும் அல்ல, ஹார்டு டிஸ்க்கும்தான். மின்தடையம் வைத்த குட்டி அடாப்டர் மலிவாகக் கிடைக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

சூட்டை வெளியேற்றுவது ஒரு பக்கம். உண்டாகாமலே பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம். இப்போது வரும் படங்களில் பல H.265 முறையில் சுருக்கப்பட்டவை. 2015-க்கு முந்தைய இன்டெல் கம்ப்யூட்டர்களில் இதை விரிக்கத் தனிப் பகுதி பெரும்பாலும் கிடையாது. புராசஸர் தன் முழுப் பலத்தையும் போட்டு விரிக்கும். பக்கத்தில் மின்சப்ளைப் பகுதியும் சேர்ந்து கொதிக்கும். அதே படத்தின் H.264 பிரதியைப் போட்டால் பெட்டி நிம்மதியாக ஓடும். பிளேயரில் ‘ஹார்டுவேர் டிகோடிங்’ என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு நிமிஷ வேலைதான். கலர் கலராக விளக்கு எரியும் கூலருக்குச் செலவழிக்கும் காசு இந்த இடத்தில் எதையும் சாதிக்காது.

எந்தக் கட்டத்தில் கையைக் கழுவுவது? கெபாசிட்டர் உப்பியிருந்தால், அல்லது பேஸ்ட் மாற்றி, ஃபேன் வைத்து, கதவு திறந்தும் சிப்செட்டில் ஒரு விநாடிகூட விரல் வைக்க முடியவில்லை என்றால், அந்த போர்டின் மேல் இனிப் பணம் போடுவது வீண். படம் பார்க்க மட்டும்தான் கம்ப்யூட்டர் என்றால் ஃபேனே இல்லாத சின்னப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றின் மொத்தச் சூடே பழைய சிப்செட் ஒன்றின் அளவுக்குத்தான் இருக்கும். அவற்றையும் ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டினால் பழைய கதைதான்.

சின்னமனூர் பெரியம்மாவிடம் அந்தப் பையன் பேஸ்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

“கல்யாண வீடியோ வேற எதுலயாவது இருக்கா பெரியம்மா?”

“இதுல மட்டும்தாம்ப்பா இருக்கு. கேசட்டு பூஞ்சை புடிச்சுப்போச்சு.”

“அப்ப மொதல்ல அத எடுத்துருவோம். மத்ததெல்லாம் அப்பறம்.”

சரியான வரிசை அதுதான். ஹார்டு டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் பொதுவான எல்லை. 52 டிகிரிப் பெட்டிக்குள் தன் சூட்டையும் சேர்த்துக்கொண்டு ஓடும் டிஸ்க் அந்த எல்லையில் நின்றுகொண்டிருக்கிறது. போர்டு போனால் வேறு போர்டு கிடைக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஒன்று, கோவையில் மகனிடம் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை மதர்போர்டு பக்கம் கொண்டுபோக வேண்டும்.

வேலையெல்லாம் முடிந்ததும் கேபினெட்டை மூடி, ஷோகேஸில் வைத்து, ஒரு முழுப் படத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ‘சரியாயிருச்சு’ என்று சொல்வது சோதனை அல்ல. சூடு தன் முழு உயரத்துக்கு ஏற அரை மணி, முக்கால் மணி ஆகும். மத்தியானம் மூன்று மணி வெயிலில் ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. இன்னொரு சோதனையை மார்கழிக்குத் தள்ளி வைக்கலாம். 5 வோல்ட்டில் சுற்றும் ஃபேன் சித்திரையில் சமர்த்தாகக் கிளம்பும். கம்பத்து மார்கழிக் காலையில் பேரிங் எண்ணெய் இறுகி, கிளம்பாமல் நிற்கலாம். அப்படி நின்றால் விரலால் தள்ளிவிட்டுப் பழக்க வேண்டாம். அடாப்டரை மாற்றி ஒரு படி வோல்ட்டைக் கூட்டிவிட்டால் போதும்.